மருந்துக்கடை சர்வரில் மாட்டை அவிழ்த்துவிட்ட கதை

"மாப்ளே, காலாவதி லிஸ்டு எடுக்கப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயிட்டு வந்துட்டேன். இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. முன்னெல்லாம் பட்டுனு வந்துருமே?"

மாமாவுக்கு மருந்துக்கடை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை அந்த லிஸ்ட்தான். அடுத்த 3 மாதத்தில் காலாவதியாகப் போகும் மாத்திரை அட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்து, மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்ப ஒதுக்கி வைப்பார். கடையின் பில்லிங் மெஷினை அமைத்துக் கொடுத்தவன் நான். ஆகவே அது மெதுவானால் குற்றவாளியும் நானே. சம்பளம் மாசம் ஒரு தடவை அத்தை கையால் மீன் குழம்பு.

மெஷின் பெரிய விஷயமில்லை. செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம். ஓஎஸ்ஸுக்கு ஒரு பழைய 120 ஜிபி எஸ்எஸ்டி, டேட்டாவுக்கு 7200 ஆர்பிஎம் சுற்றும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். டெபியன் லினக்ஸ், அதன் மேல் மரியாடிபி டேட்டாபேஸ். கவுன்ட்டரில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இதோடு பேசும். டேட்டா டிஸ்க்கை மட்டும் பட்டர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் (கோப்புகளை டிஸ்க்கில் எங்கே எப்படி வைப்பது என்று பார்த்துக்கொள்ளும் அமைப்பு) ஃபார்மேட் செய்திருந்தேன். காரணம் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் வசதி. ஆரம்பத்தில் ஒருமுறை பில் போடும் அக்கா ஒரு முழு கொள்முதல் என்ட்ரியைத் தவறுதலாக அழித்துவிட்டார். அன்றைக்கு "ஒரு மணி நேரம் பின்னால் போக முடிந்தால்" என்று நினைத்ததன் விளைவு: குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஒரு வரி, மணிக்கொரு ஸ்னாப்ஷாட், கடைசி 48 மட்டும் இருக்கும், மற்றவை அழியும். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. எட்டு மாதம் அப்படியே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்ததும் போய் உட்கார்ந்தேன். முதல் சந்தேகம் ஹார்ட் டிஸ்க் சாகிறதோ என்பது. டிஸ்க் தன் உடல்நலம் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்கள் சுத்தமாக இருந்தன, ஒரு செக்டர்கூட மாற்றப்படவில்லை. அடுத்தது குவெரி, அதாவது லிஸ்ட்டுக்காக டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி. அதற்கு எப்படிப் பதில் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் முழு டேபிளையும் படிக்கிறது. அது முதல் நாளிலிருந்தே அப்படித்தான், அந்த அறிக்கையின் வடிவமே அது. லிஸ்ட்டை ஓடவிட்டு, டிஸ்க்கின் வேலையைக் காட்டும் ஐஓஸ்டாட்டைத் திறந்தேன். சிபியு சும்மா இருக்கிறது. டிஸ்க் 100 சதவீதம் பிஸி. ஆனால் படிக்கும் வேகம்? வினாடிக்கு 2.6 எம்பி. வரிசையாகப் படித்தால் 120 எம்பி தரும் டிஸ்க் அது.

டிஸ்க் மூச்சுவாங்க ஓடுகிறது, பால் மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் கோப்பு சிதறிக் கிடக்கிறது என்று அர்த்தம். விற்பனை விவரங்கள் இருக்கும் ஐபிடி கோப்பின் மேல், அது எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்று எண்ணும் ஃபைல்ஃப்ராக் கட்டளையைப் போட்டேன். கோப்பின் அளவு 1.4 ஜிபி. துண்டுகள்: 61,412.

மரியாடிபிக்குள் சேமிப்பைப் பார்த்துக்கொள்ளும் பகுதியான இன்னோடிபி, டேட்டாவை 16 கேபி பக்கங்களாக வைக்கிறது. 1.4 ஜிபியில் ஏறக்குறைய 92 ஆயிரம் பக்கங்கள். அதாவது மூன்று பக்கத்துக்கு இரண்டு துண்டு. கையிலேயே கணக்குப் போட்டேன். சுற்றும் டிஸ்க்கில் ஒரு தாவலுக்கு சராசரியாக 9 மில்லி செகண்ட் என்று வைத்தால், 61,412 தாவலுக்கு 552 வினாடி. ஒன்பது நிமிஷம் சொச்சம். மாமா டீக்கடைக்குப் போய்வந்த நேரம் அச்சாகப் பொருந்தியது. இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு உதைக்காமல் வருவது என் வாழ்க்கையில் அபூர்வம்.

ஏன் சிதறியது? பழைய கணக்குப்பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று பிடிவாதமாக இருக்கும் ஒருவர். 212-ஆம் பக்கத்தில் ஒரு எண்ணைத் திருத்த வேண்டுமா? அந்தப் பக்கத்தைத் தொடமாட்டார். ஒரு வெற்றுத்தாளில் திருத்திய பக்கத்தை முழுதாக எழுதி, கட்டின் கடைசியில் சேர்த்துவிட்டு, முன்னால் இருக்கும் அட்டவணையில் "212 இனி அங்கே" என்று மாற்றிவிடுவார். பாதி எழுதும்போது விளக்கு அணைந்தாலும் பழைய 212 பத்திரமாக இருக்கும். பழைய அட்டவணையை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டால், அன்றைய பேரேடு முழுதும் கையில் இருப்பது போல. அதுதான் ஸ்னாப்ஷாட். பட்டர்எஃப்எஸ் போன்ற காப்பி ஆன் ரைட் (திருத்தும்போது புது இடத்தில் நகல்) ஃபைல் சிஸ்டம் செய்வது இதையே. யோசனை புதிதல்ல. நெட்ஆப் நிறுவனம் தன் வாஃபிள் ஃபைல் சிஸ்டத்தைப் பற்றி 1994-லேயே எழுதிவிட்டது. சன் நிறுவனத்தின் இசட்எஃப்எஸ் 2005-ல் வெளியே வந்தது. 2007-ல் ஐபிஎம்மின் ஓஹாட் ரோடே, பி-ட்ரீ என்ற மர வடிவ அட்டவணையை இந்த முறைக்குத் தோதாக மாற்றுவது எப்படி என்று காட்ட, அதை வைத்து ஆரக்கிளில் இருந்த கிறிஸ் மேசன் பட்டர்எஃப்எஸ்ஸை ஆரம்பித்தார். 2009-ல் லினக்ஸ் 2.6.29-ல் அது சேர்ந்தது.

புகைப்படம், பிடிஎஃப், வீடியோ மாதிரி ஒருமுறை எழுதி அப்படியே விட்டுவிடும் கோப்புகளுக்கு இது அருமை. டேட்டாபேஸ் கோப்பு அப்படியில்லை. ஒரே கோப்பின் நடுவே அங்கொரு பக்கம் இங்கொரு பக்கம் என்று நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்கும். விற்பனை டேபிளில் புது வரிகள் கடைசியில்தானே சேரும், ஏன் நடுவில் சிதறணும் என்று எனக்கும் முதலில் குழப்பம். ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி அடையாளமான பிரைமரி கீ வரிசைப்படி வரிகள் கடைசியில்தான் சேர்கின்றன. ஆனால் அந்த டேபிளுக்கு மருந்து வாரியாக ஒரு இன்டெக்ஸ் (தேடுவதற்கான பட்டியல்), பேட்ச் நம்பர் வாரியாக ஒரு இன்டெக்ஸ். பாராசிட்டமால் ஒரு அட்டை விற்றால் இன்டெக்ஸில் ஒரு மூலை, இருமல் மருந்து விற்றால் வேறு மூலை. இதெல்லாம் ஒரே ஐபிடி கோப்புக்குள். ஒவ்வொரு திருத்தமும் டிஸ்க்கின் புது இடத்துக்கு ஓடியது. எட்டு மாதம், நாளைக்கு நூற்றுச் சொச்சம் பில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டேட்டாபேஸே தன்னளவில் ஒரு பயந்த கணக்குப்பிள்ளை. ஒரு பில் சேவ் ஆனதும் முதலில் ரீடூ லாக் என்ற குறிப்பேட்டில் குறித்துக்கொள்கிறது. பிறகு அந்தப் பக்கத்தை டபுள்ரைட் என்ற தனி இடத்தில் ஒருமுறை எழுதுகிறது. அப்புறம்தான் உரிய இடத்தில். கீழே இருக்கும் ஃபைல் சிஸ்டமும் அதே பயத்தில் ஒவ்வொன்றையும் புது இடத்தில் எழுதி, டேட்டா கெட்டுப்போனதா என்று பின்னால் சரிபார்க்க உதவும் செக்சம் என்ற எண்ணைப் போட்டு, மேலே வேர் வரைக்கும் அட்டவணையை மாற்றுகிறது. ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு காவல்காரர்கள். இரண்டு பேருக்கும் சம்பளம் நம் டிஸ்க் கொடுக்கிறது. யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பதுதான் இங்கே சாமர்த்தியம். அதில்தான் நான் பிற்பாடு சொதப்பினேன்.

முதலில் செய்தது சோம்பேறி வேலை. டீஃப்ராக். பட்டர்எஃப்எஸ்ஸில் அதற்குக் கட்டளை இருக்கிறது, அந்தக் கோப்பின் மேல் ஓடவிட்டேன். லிஸ்ட் 14 வினாடியில் வந்தது. ஆஹா என்று அதைத் தினமும் இரவு ஓடும்படி கிரானில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். டீஃப்ராக் என்பது கோப்பைப் புது இடத்தில் திருப்பி எழுதுவது. ஸ்னாப்ஷாட்டோ பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. இரண்டும் பகிர்ந்துகொண்டிருந்த இடம் அந்த நிமிஷமே பிரிந்து, 1.4 ஜிபி கூடுதல் செலவு. அப்போது மணிக்கொன்றாக எடுத்த 48 ஸ்னாப்ஷாட்டோடு, பின்னால் சேர்த்த தினசரி ஸ்னாப்ஷாட் முப்பதும் வைத்திருந்தேன். தினம் ஒரு டீஃப்ராக், தினம் ஒரு முழு நகல். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் 40 ஜிபிக்கு மேல் காணோம்.

இடம் காணாமல் போவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. ஸ்னாப்ஷாட்டே இல்லாவிட்டாலும் நடக்கும். பட்டர்எஃப்எஸ்ஸில் ஒரு துண்டு 128 எம்பி வரை பெரிதாக இருக்கலாம். அதன் நடுவில் 16 கேபியைத் திருத்தினால் அந்த 16 கேபி புது இடத்துக்குப் போகும், சரி. ஆனால் பழைய துண்டில் பயனற்றுப்போன 16 கேபியைத் தனியாக வெட்டி விடுவிக்காது. அந்தத் துண்டின் கடைசி பைட்டுக்கு யாராவது சொந்தம் கொண்டாடும் வரை 128 எம்பியும் அப்படியே நிற்கும். கூட்டுக் குடும்பத்துச் சொத்து மாதிரி, ஒருத்தர் கையெழுத்துப் போடாவிட்டாலும் விற்க முடியாது. காம்ப்சைஸ் என்ற சின்னக் கருவி இதைக் காட்டிக்கொடுத்தது. கோப்பு 1.4 ஜிபி, டிஸ்க்கில் பிடித்திருப்பது அதைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கீழே.

டீஃப்ராக்கைக் கிரானிலிருந்து எடுத்தேன். அடுத்த வழி, காப்பி ஆன் ரைட்டையே அந்தக் கோப்புகளுக்கு மட்டும் நிறுத்துவது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'கவ்' (ஆங்கிலத்தில் மாடு) என்பார்கள், நிறுத்துவதற்கு 'நோ கவ்'. மாமாவிடம் விளக்கப்போக, "அப்ப மாட்ட அவுத்து விடப்போற" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் அதுதான்.

சிஎச்ஏடிடிஆர் என்று தட்டும் சாட்டர் கட்டளையில் பெரிய சி குறியைக் கூட்டினால் நோ கவ் ஆகிவிடும் என்று படித்திருந்தேன். டேட்டா டைரக்டரியின் மேல் போட்டேன். பிழை எதுவும் வரவில்லை. மறுநாள் பார்த்தால் எதுவும் மாறவும் இல்லை. டைரக்டரிக்குப் போட்ட குறி, அதற்குப் பிறகு அதில் பிறக்கும் புதுக் கோப்புகளுக்குத்தான். ஏற்கனவே டேட்டா உள்ள கோப்புக்கு அந்தக் குறி பிடிக்காது, காலிக் கோப்பாக இருக்க வேண்டும். சரி, வேறு டைரக்டரி உருவாக்கி, குறி போட்டு, கோப்புகளை எம்வி கட்டளையால் நகர்த்தினேன். அதுவும் வேலைக்காகவில்லை. ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் நகர்த்துவது வெறும் பெயர் மாற்றம்தானே, கோப்பு பழைய கோப்பேதான். மூன்றாவது முயற்சியில்தான் மூளை வேலை செய்தது. மரியாடிபியை நிறுத்தி, காலி டைரக்டரிக்குக் குறி போட்டு, சிபி கட்டளையால் உண்மையான நகல் எடுத்தேன். இதில் ஒரு எச்சரிக்கை: கோர்யூட்டில்ஸ் 9.0-லிருந்து சிபி தானாகவே ரீஃப்ளிங்க், அதாவது டேட்டாவை நகலெடுக்காமல் பகிர்ந்துகொள்ளும் குறுக்குவழியை முதலில் முயன்று பார்க்கும். எதற்கு வம்பு என்று ரீஃப்ளிங்க் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். எல்எஸ்ஆட்டர் போட்டு ஒவ்வொரு கோப்புக்கும் சி குறி ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே சர்வரைத் திரும்ப எழுப்பினேன். துண்டுகள்: 23. லிஸ்ட்: 14 வினாடி.

(ஓப்பன்சூசே லினக்ஸ், நிறுவும்போதே டேட்டாபேஸ் கோப்புகள் வழக்கமாக இருக்கும் வார் டைரக்டரிக்குத் தனி சப்வால்யூம், அதாவது ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் தனியாகக் கையாளக்கூடிய பகுதி, போட்டு காப்பி ஆன் ரைட்டை நிறுத்திவிடுகிறது. அவர்கள் இந்த அடியையெல்லாம் முன்பே வாங்கியவர்கள். டெபியனில் டிஸ்க்கைக் கையால் ஃபார்மேட் செய்தவனுக்கு அந்தச் சொகுசு இல்லை.)

மூன்று வாரம் கழித்து மாமா: "மாப்ளே, திரும்பவும் இழுக்குதே." லிஸ்ட் 2 நிமிஷத்தைத் தொட்டிருந்தது. துண்டுகள் 11 ஆயிரத்துக்கு மேல். சி குறி அப்படியே இருக்கிறது!

இந்த இடத்தில் எனக்கு அரை நாள் போனது. குற்றவாளி என் செல்ல ஸ்னாப்ஷாட். நோ கவ் கோப்பாக இருந்தாலும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால், அந்த நொடியில் இருந்த பக்கங்களை ஸ்னாப்ஷாட்டும் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஒரு பக்கத்தைத் திருத்தினால் பழைய இடத்திலேயே எழுத வழியில்லை, எழுதினால் ஸ்னாப்ஷாட் கெட்டுப்போகும். ஆகவே ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு வரும் முதல் திருத்தம் மட்டும் புது இடத்துக்குப் போகும். அடுத்த திருத்தம் முதல் பழையபடி அதே இடத்தில். நாளுக்கொன்று எடுத்தால் பெரிதாகத் தெரியாது. மணிக்கொன்று எடுத்தால் ஒவ்வொரு மணியும் ஒரு புது 'முதல் திருத்தம்'. மாட்டை அவிழ்த்துவிட்டு மணிக்கொரு தரம் திரும்பப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

தீர்வு எளிதுதான். டேட்டாபேஸுக்குத் தனி சப்வால்யூம். பட்டர்எஃப்எஸ்ஸில் ஸ்னாப்ஷாட் உள்ளே இருக்கும் இன்னொரு சப்வால்யூமுக்குள் இறங்காது, வாசலிலேயே நின்றுவிடும். மறுபடி நிறுத்தி, சப்வால்யூம் உருவாக்கி, குறி போட்டு, நகலெடுத்து, பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழித்தேன். டேட்டாபேஸுக்கு இனி ஸ்னாப்ஷாட் இல்லை. அதற்குப் பதிலாக இரவு 11 மணிக்கு மரியாடிபி டம்ப், அதாவது முழு டேட்டாவையும் ஒரு கோப்பாக எழுதி வைப்பது, எல்லாம் ஒரே நொடியின் நிலையில் வரும் சிங்கிள் ட்ரான்சாக்ஷன் வசதியோடு. அந்த டம்ப் கோப்பு விழுவது டிஸ்க்கின் காப்பி ஆன் ரைட் பக்கம். அங்கே செக்சம் உண்டு, ஸ்னாப்ஷாட் உண்டு, மருந்துச் சீட்டு ஸ்கேன்களும் அங்கேதான்.

கூடவே இன்னொரு பாவத்தையும் கழுவினேன். படித்த பக்கங்களை ரேமில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபியின் பஃபர் பூல், தானாக வரும் 128 எம்பியிலேயே இத்தனை மாதமாக இருந்தது. 8 ஜிபி ரேம் இருக்கும் மெஷினில்! அதை 3 ஜிபி ஆக்கியதும் அன்றைக்கு இரண்டாம் முறை எடுக்கும் லிஸ்ட் 2 வினாடியில் வந்தது. நேர்மையாகச் சொன்னால், இதை முதலிலேயே செய்திருந்தால் நான் சிதறலைக் கண்டுபிடிக்கவே இன்னும் ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

இதற்கு நடுவே வீட்டில் வேறொரு பரிசோதனை. இரண்டு பழைய ஹார்ட் டிஸ்க்குகளை இசட்எஃப்எஸ் மிரராக (இரண்டிலும் ஒரே டேட்டா) போட்டு, கடை டம்ப்பை அதில் ஏற்றி விளையாடினேன். இசட்எஃப்எஸ்ஸில் காப்பி ஆன் ரைட்டை நிறுத்தவே முடியாது, அதன் உயிரே அது. அங்கே திருக வேண்டிய திருகு ரெக்கார்ட்சைஸ், அதாவது ஒரே மூச்சில் எழுதும் கட்டத்தின் அளவு. தானாக வருவது 128 கேபி. 16 கேபி பக்கம் ஒன்று மாறினாலும் 128 கேபி ரெக்கார்ட் முழுதும் புதிதாக எழுதப்படும், எட்டு மடங்கு. அந்த ரெக்கார்ட் நினைவகத்தில் இல்லாவிட்டால் முதலில் டிஸ்க்கிலிருந்து முழுதாகப் படிக்கவும் வேண்டும். 8 கேபி பக்கம் வைக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் பதினாறு மடங்கு. ஆகவே இன்னோடிபிக்கு 16 கேபி என்று மாற்றினேன். மாற்றிவிட்டு அளந்தால் எண்கள் அசையவே இல்லை. என்ன என்று பார்த்தால் அதே பழைய கதை, அந்த மாற்றமும் புதுக் கோப்புகளுக்கு மட்டும்தான். ஒரே குழியில் இரண்டு தடவை. டேட்டாவை அழித்துத் திரும்ப ஏற்றினேன், எழுதும் அளவு சட்டென்று இறங்கியது.

ரெக்கார்ட்டைச் சிறிதாக்கினால் சுருக்கம் குறையும். டிஸ்க் 4 கேபி கட்டங்களில் எழுதுகிறது, எனவே எல்இசட்4 என்ற சுருக்கும் முறை ஒரு 16 கேபி பக்கத்தை 9 கேபியாகப் பிழிந்தாலும் பிடிக்கும் இடம் 12 கேபி. போஸ்ட்கிரெஸின் 8 கேபியில் இன்னும் மோசம், 4-க்குள் அடங்கினால் உண்டு, இல்லையென்றால் ஒன்றுமே மிச்சமில்லை. இசட்எஃப்எஸ்ஸிலும் காலப்போக்கில் கோப்பு சிதறத்தான் செய்யும். சுற்றும் டிஸ்க்கில் முழு டேபிளைப் படிக்கும் அறிக்கைக்கு அது மருந்தல்ல. ஆனால் ஸ்னாப்ஷாட்டில் அது ஒரு படி மேல். டேட்டாவையும் லாகையும் தனித்தனி டேட்டாசெட்டில் (இசட்எஃப்எஸ்ஸில் சப்வால்யூம் மாதிரி) வைத்தாலும், உள்ளிருப்பவற்றையும் சேர்த்து எடுக்கும் ரிகர்சிவ் ஸ்னாப்ஷாட் எல்லாவற்றையும் ஒரே நொடியில் பிடிக்கிறது. பட்டர்எஃப்எஸ்ஸில் இரண்டு சப்வால்யூமை ஒரே நொடியில் பிடிக்க முடியாது. பிடித்த ஸ்னாப்ஷாட்டைத் திறந்தால் டேட்டாபேஸுக்கு அது கரண்ட் போய் வந்த மாதிரி. ரீடூ லாகைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும்.

இசட்எஃப்எஸ் பற்றிப் படித்தால் எல்லா இடத்திலும் ஒரு குறிப்பு வரும்: இன்னோடிபியின் டபுள்ரைட்டை நிறுத்திவிடலாம், போஸ்ட்கிரெஸ் என்றால் அதே காவல் வேலையைச் செய்யும் முழுப்பக்க எழுத்தை நிறுத்திவிடலாம். காரணம் நியாயமானது. 16 கேபி பக்கத்தை எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் பக்கம் பாதி புதிது பாதி பழையது என்று கிழிந்துபோகும். ரீடூ லாக் அதைக் காப்பாற்றாது, ஏனென்றால் லாகில் இருப்பது "இந்தப் பக்கத்தில் இதை மாற்று" என்ற குறிப்புகள். அடிப்படைப் பக்கமே குழம்பிக் கிடந்தால் எதன் மேல் மாற்றுவது? அதற்காகத்தான் டபுள்ரைட்டில் ஒரு நல்ல நகல். இசட்எஃப்எஸ்ஸில் ரெக்கார்ட் முழுதாகப் புது இடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதை விடும். ரெக்கார்ட்சைஸும் பக்கமும் ஒத்துப்போனால் கிழிந்த பக்கம் என்ற பேச்சே இல்லை. ஒரு காவல்காரனை வீட்டுக்கு அனுப்பலாம்.

வீட்டில் நிறுத்தினேன். எழுதும் பாரம் குறைந்தது. அந்த உற்சாகத்தில், அதே வாரம், கடை மெஷினின் கான்ஃபிக் கோப்பிலும் அதே வரியை ஒட்டினேன்.

யோசித்துப் பாருங்கள். கடையில் அந்தக் கோப்புகளுக்கு நான்தான் காப்பி ஆன் ரைட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஃபைல் சிஸ்டம் காவல்காரனை மூன்று மாதம் முன்பே அனுப்பியாகிவிட்டது. இப்போது டேட்டாபேஸ் காவல்காரனையும் அனுப்பிவிட்டேன். கதவு திறந்து கிடக்கிறது, இரண்டு மாதம் ஒரு திருடனும் வரவில்லை.

ஒரு சாயங்காலம் காற்றும் மழையும். கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. கரண்ட் வந்ததும் பில்லிங் திறக்கவில்லை. எரர் லாகில் விற்பனை டேபிளின் ஒரு பக்கத்தில் செக்சம் ஒத்துவரவில்லை என்று இன்னோடிபி கத்திக்கொண்டிருந்தது. அது பட்டர்எஃப்எஸ்ஸின் செக்சம் அல்ல. நோ கவ் என்றால் அந்தக் கோப்புகளுக்கு ஃபைல் சிஸ்டம் செக்சம் போடுவதில்லை, சுருக்குவதும் இல்லை. இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்திலும் தானே எழுதிவைக்கும் செக்சம்தான் காட்டிக்கொடுத்தது. அது நல்லவேளை. போஸ்ட்கிரெஸில் இந்த வசதி 18-ஆம் பதிப்பில்தான் தானாக வருகிறது. அதற்கு முந்தையதை நோ கவ்வில் வைத்திருப்பவர்கள் அது இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு1 வைத்து நோ கவ் போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம்: இரண்டு டிஸ்க்கில் எது சரி என்று சொல்ல செக்சம் இல்லாததால், டிஸ்க் முழுதையும் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓடினாலும் அந்தக் கோப்புகளின் வித்தியாசம் கண்ணில் படாது.

அன்றைக்குக் கையில் இருந்தது முந்தைய இரவு 11 மணி டம்ப். ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்துவைக்கும் பின்லாக் போட்டிருக்கவில்லை, ஆகவே அன்றைய பகல் முழுதும் போயிற்று. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, மாமா உள்ளே போய் ஒரு கட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அன்றைய பில்களின் கார்பன் காப்பி. பிரின்டரில் இரண்டு தாள் வைத்துத்தான் இன்றும் பில் அடிக்கிறார், நான் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன்.

"எத்தன இருக்கு மாமா?"

"நூத்தி முப்பத்தேழு. நீ படி, அக்கா அடிக்கட்டும். பேட்ச் நம்பர தப்பாப் படிச்சிராத."

இரவு பதினொன்றரை வரை படித்தேன். ஊதா மையில் மங்கலான பேட்ச் நம்பர்களை ட்யூப்லைட் வெளிச்சத்தில் படித்தவனுக்கு, டபுள்ரைட் எதற்கு என்பது இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

மறுநாளே அந்த வரியை எடுத்துவிட்டேன். பட்டர்எஃப்எஸ் நோ கவ் என்றால் டபுள்ரைட் இருந்தே ஆக வேண்டும், பேச்சுக்கே இடமில்லை. பட்டர்எஃப்எஸ்ஸில் கவ் இயங்கும்போதும் நான் அதை நிறுத்தத் துணியமாட்டேன், அதன் கணக்கு 4 கேபி கட்டங்களில் ஓடுகிறது, 16 கேபி பக்கத்தின் எல்லை அதற்குத் தெரியாது. பக்கத்துக்கு ஒத்த ரெக்கார்ட்சைஸோடு இசட்எஃப்எஸ் என்றால் மட்டும் நிறுத்தலாம். இந்த இரண்டு அறிவுரையும் தனித்தனியாகச் சரி. ஒன்றின் பாதியை எடுத்து மற்றதன் பாதியோடு ஒட்டினால்தான் என் கதி.

போஸ்ட்கிரெஸ்காரர்கள் கேட்பார்கள் என்பதற்காக ஒன்று. பழைய லாக் கோப்புகளைப் பெயர் மாற்றித் திரும்பப் பயன்படுத்துவதும், புதிய லாக் கோப்பைப் பூஜ்ஜியத்தால் நிரப்பி வைப்பதும் சாதாரண டிஸ்க்கில் நல்ல தந்திரம். காப்பி ஆன் ரைட்டில் அது வெட்டி வேலை, எப்படியும் புது இடத்தில்தான் எழுதப்போகிறது. 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இரண்டையும் நிறுத்த வால் ரீசைக்கிள், வால் இனிட் ஸீரோ என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. இசட்எஃப்எஸ்ஸில் ஓட்டுபவர்கள் போட்டுப் பாருங்கள்.

"பேசாம இஎக்ஸ்டி4 போட்டிருந்தா இந்தக் கதையே இல்லையே" என்று ஆபீஸில் ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான், அது பழைய இடத்திலேயே திருத்தி எழுதும் ஃபைல் சிஸ்டம். ஒரே டிஸ்க்கில் டேட்டாபேஸ் மட்டும் இருந்திருந்தால் நானும் அதையோ எக்ஸ்எஃப்எஸ்ஸையோதான் போட்டிருப்பேன். மருந்துச் சீட்டு ஸ்கேன்களுக்கு ஸ்னாப்ஷாட்டும் செக்சமும் தேவைப்படுகிறது, பார்ட்டிஷனைப் பிரித்துவிட்டு பின்னால் ஒரு பக்கம் நிரம்பி ஒரு பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. அதனால் கடையில் பட்டர்எஃப்எஸ், தனி நோ கவ் சப்வால்யூம், டபுள்ரைட் ஆன். வீட்டில் இசட்எஃப்எஸ். வீட்டு மிரரைப் புது எஸ்எஸ்டிகளுக்கு மாற்றிய பிறகு கடைக்கும் அதையே கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு இசட்எஃப்எஸ் மாட்யூல் ஏறாமல் போனால் போனிலேயே மாமாவிடம் சரிசெய்யச் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஃபைல்ஃப்ராக் எண்ணைக் குறித்துவைக்கிறேன். போன முறை 38, இந்த முறை 41. யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. பின்லாக் இப்போது எஸ்எஸ்டி பக்கம் ஓடுகிறது, டம்ப்பிலிருந்தும் பின்லாகிலிருந்தும் முழுதாக மீட்டுப் பார்ப்பதை வீட்டு மெஷினில் இரண்டு தடவை செய்துவிட்டேன், கடைசி பில் வரை வந்தது. அதை மாமாவிடம் காட்டி, இனிமேல் இரண்டு தாள் வைத்து அடிக்க வேண்டாம், காகிதச் செலவாவது மிஞ்சும் என்றேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அந்த கார்பன் தாள் தீரப்போகுது, வரும்போது ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா."

வாங்கிக் கொடுத்தேன்.